செல் எண்ணிக்கைக்காகப் பால் விலையில் பிடித்தம் கூடாது

கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் (எஸ்.என்.எஃப்.) பார்த்து விலை போடுவதுபோல, பாலில் உள்ள செல்களின் எண்ணிக்கையைப் பார்த்தும் விலை போடலாமா? சிறு பால் உற்பத்தியாளர்களின் சங்கம் இதில் தன் நிலையைத் தெளிவாகச் சொல்கிறது: எண்ணுங்கள், ஆனால் காசைப் பிடிக்காதீர்கள்.

பாலில் செல் இருப்பது கலப்படமும் அல்ல, அசுத்தமும் அல்ல. நலமான மடியின் பாலிலும் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்குள் செல்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளையணுக்கள். காம்புத் துளையில் உள்ள கெரட்டின் அடைப்பைத் தாண்டிக் கிருமி உள்ளே போய்விட்டால், ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் மடிக்குள் பாய்கின்றன. சில மணி நேரத்தில் எண்ணிக்கை பல லட்சத்தைத் தொடும். 2 லட்சத்தைத் தாண்டினாலே, வெளியே தெரியாத மடிநோய் இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். மடி தன்னைக் காத்துக்கொள்ளப் போராடுவதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அதைப் பூஜ்ஜியமாக்க நினைப்பது வீண்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 4 லட்சம். அமெரிக்காவில் 'கிரேடு ஏ' பாலுக்கு 7.5 லட்சம். ஐரோப்பிய வரம்பு மூன்று மாதச் சராசரிக்கானது. அங்கே அளப்பதும் பண்ணையின் மொத்தப் பாலை. நம் ஊரிலோ ஒரு வீட்டில் ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. மூன்று காம்புகளில் 50,000, நான்காவதில் 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால், நான்கிலும் பால் ஒரே அளவு என்றால் அந்த மாட்டின் சராசரி 5,37,500. ஒற்றை மாட்டுக்காரருக்கு அன்றே பிடித்தம். அதே மாடு, மற்றவை ஒரு லட்சத்தில் நிற்கும் 50 மாட்டுப் பண்ணையில் இருந்தால் மொத்தச் சராசரி 1,08,750தான், யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும் பால் வற்றும் தறுவாயிலும் நோயே இல்லாமலும் எண்ணிக்கை ஏறும்.

சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 1957-இல் வந்த கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையைத் தொழுவத்திலேயே செய்யலாம். 3 சதவீதச் சலவைத்தூள் கரைசலையும் பாலையும் சம அளவு கலந்தாலும் போதும். செல்கள் மிகுந்த பால் கூழாகத் திரளும். ஒவ்வொரு காம்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தடுப்பும் எளிதுதான். கறந்தபின் காம்புத் துளை மூட அரைமணிக்கு மேல் ஆகும்; அதற்குள் மாடு படுத்தால் கிருமி உள்ளே போகலாம். கறந்த கையோடு தீவனம் போட்டு மாட்டை நிற்க வைப்பதற்குச் செலவே இல்லை. தீவனச் சத்தும் முக்கியம்: ஒஹையோ ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட முடிவில், வைட்டமின் ஈ கொடுத்த மாடுகளில் மடிநோய் 37 சதவீதம் குறைந்திருந்தது. வைட்டமின் ஈ சேர்த்த தாது உப்புக் கலவைக்கு உற்பத்தியாளர் சங்கம் மானியம் கேட்பது இதனால்தான்.

விலையைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மருத்துவரைக் கூப்பிடாமல், கிடைத்த ஆன்டிபயாடிக்கைக் காம்பில் ஏற்றி, மறுநாளே பாலை ஊற்றுவார்கள். ஆகவே கூட்டுறவுச் சங்கங்கள் மாதம் ஒருமுறை இலவசமாகச் சோதித்து, முடிவை உறுப்பினரின் பால் அட்டையில் குறித்துத் தர வேண்டும். குறைந்த எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை தருவதில் உற்பத்தியாளர் சங்கத்துக்கு மறுப்பில்லை.