பாட்டியைக் கடன் வாங்காதீர்!

சில திங்கள்களுக்கு முன்னர் என் பழைய மாணவி ஒருத்தி என் இல்லம் தேடி வந்தாள். கையில் இரண்டு முறுக்குப் பொட்டலங்களும் ஒரு தாளும் இருந்தன. கிள்ளான் வட்டாரத்தில் தன் வீட்டுச் சமையற்கட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவள் அவள். தொழில் சிறிது வளர்ந்திருக்கிறது. இணையத்தளம் ஒன்று அமைக்கிறாள். அதில் 'எங்கள் கதை' என்றொரு பகுதி வேண்டுமாம். "ஐயா, ஆங்கிலத்தில் ஒருவரிடம் எழுதி வாங்கிவிட்டேன். நீங்கள் அதை நல்ல தமிழில் ஆக்கிக் கொடுத்தால் போதும்" என்றாள்.

தாளைப் படித்தேன். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், செட்டிநாட்டு மாளிகை ஒன்றின் அடுக்களையில், பித்தளைப் பாத்திரங்கள் பளபளக்க, அவளுடைய கொள்ளுப் பாட்டியார் பெரிய மனிதர்களுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தாராம். அந்தப் பக்குவம் ஓலையில் எழுதப்பெற்றுப் பெட்டியில் பூட்டப்பெற்றுத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. ஏனெனில் அவளுடைய பாட்டியாரை நான் அறிவேன். ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அவருடைய பெற்றோர் சேலத்துப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே கப்பலேறியவர்கள். அவர் வாழ்ந்தது மாளிகையில் அன்று, லயத்து வீட்டில்.

இஃது அவள் ஒருத்தியின் பிழை அன்று. மசாலைத்தூள் அரைப்பவர், ஊறுகாய் போடுபவர், அப்பளம் இடுபவர், இட்டிலி மாவு விற்பவர் என இன்று சிறு உணவுத் தொழில் நடத்தும் நம்மவர்களின் விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டி இல்லாத பொட்டலமே இல்லை! எல்லாப் பாட்டிமார்க்கும் ஓர் இரகசியம்; எல்லா இரகசியங்களுக்கும் நூறாண்டு வயது; எல்லாக் குழம்புகளிலும் 'அன்பு' ஒரு கூட்டுப்பொருள். பெயரை மாற்றி ஒட்டினால் ஒருவர் கதை மற்றவர்க்கு அப்படியே பொருந்தும்.

என் கருத்தை ஒளிவு மறைவின்றிக் கூறிவிடுகிறேன். இத்தகைய கதைகளை எழுதுவது தவறு. அவற்றை எழுதிக் கொடுப்பது தமிழ் கற்பிப்பவனுக்கு இழுக்கு. அவற்றால் ஏமாறுவோர் வாங்குவோர் மட்டும் அல்லர்; நம் சமுதாயம் தன் வரலாற்றையே இழந்து கொண்டிருக்கிறது.

முதலில் நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் நாம் கற்பிக்கும் தன்கதைக் கட்டுரை ஒன்று உண்டு. 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு காலணி' என்று அது தொடங்கும். தொழிற்சாலையில் பிறந்து, கடையில் விற்கப்பட்டு, எசமானரிடம் உழைத்து, இறுதியில் குப்பை மேட்டில் கண்ணீர் வடிக்கும். எத்தனை ஆண்டுகளாக இதே பிறப்பு, இதே கண்ணீர்! மாணவனுடைய காலணி எந்தக் கடையில் வாங்கப்பட்டது, அதற்கான பணத்தை அவன் தாய் எப்படிச் சேர்த்தார் என்று நாம் கேட்டதுண்டா? மனப்பாடம் செய்த அழகிய தொடர்களுக்கே புள்ளி கொடுத்தோம். அன்று காலணிக்குத் தன்கதை எழுதப் பழகிய கை இன்று முறுக்குக்குத் தன்கதை எழுதுகிறது. மிதிவண்டி பேசுவதாக எழுதினால் எவரும் ஏமாறுவதில்லை. அது கற்பனை என்பதை எழுதியவனும் அறிவான், படிப்பவனும் அறிவான். தன் பெயரையும் விலையையும் போட்டுப் பொருள் விற்பவர் தம் பிறப்பைப் பற்றிப் பொய் சொன்னால் அது கற்பனை ஆகாது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைக்காத குறை நம்முடையது.

இக்கதைகள் பொய்யாக மட்டுமல்லாமல் அறியாமையாகவும் இருக்கின்றன. 'ஆயிரம் ஆண்டு மரபு மாறாத மிளகாய்த்தூள்' என்று ஒரு விளம்பரத்தில் கண்டேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498இல் போர்த்துக்கீசியர் கடல்வழியே இந்தியாவை அடைந்த பின்னரே அது நம் அடுப்புக்கு வந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மிளகாய் அரைத்த பாட்டி எங்கிருந்து வந்தார்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்க்கு மதி எங்கே போயிற்று?

செட்டிநாட்டுக் கதையும் அவ்வாறே. செட்டிநாட்டுச் சமையலின் சிறப்பை நான் மறுக்கவில்லை. அம்மரபில் வந்தோர் அதைப் பெருமையோடு கூறட்டும். ஆனால், மலாயாவுக்கு வந்த நகரத்தாருள் பெரும்பாலோர் வட்டித்தொழில் நடத்த வந்தவர்கள். தோட்டப் பாட்டாளிகளாக வந்தோரில் பெரும்பகுதியினர் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணி முறையில் ஆள் சேர்ப்புத் தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அது நடந்தது. நம்மில் பலருடைய குடும்பக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதை மூடிவைத்துவிட்டுப் பிறர் மாளிகையின் வாசலில் நின்று, 'இதுவே எம் வீடு' என்று படம் பிடித்துக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

"இது வயிற்றுப் பிழைப்பு ஐயா! பெருநிறுவனங்கள் கூறாத பொய்யா? ஏழை ஒருத்தி முறுக்கு விற்கக் கூறும் சிறு கதையால் யாருக்கு என்ன கேடு?" என்று வினவுவாரும் உளர். அவர்களுடைய வினாவில் இரக்கம் இருக்கிறது. ஆயினும் தெளிவு இல்லை. பெருநிறுவனம் ஒரு பொய்யில் பிடிபட்டால் விளம்பரக்காரரை மாற்றிக்கொள்ளும். அதற்குப் பணம் உண்டு. வீட்டில் முறுக்குச் சுடுபவளுக்கு முதல் எது? அவள் சொல்லின்மேல் பிறர் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றே. நல்ல எண்ணெயில் பொரித்தேன் என்கிறாள், நம்புகிறோம். நேற்றுச் செய்தது என்கிறாள், நம்புகிறோம். பாட்டியைப் பற்றிப் பொய் சொன்னவள் எண்ணெயைப் பற்றி மட்டும் மெய் சொல்வாள் என்று வாங்குபவர் ஏன் நம்ப வேண்டும்? பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதைக் குற்றமாக்கும் வணிக விவரிப்புச் சட்டம் மலேசியாவில் 1972இலேயே இயற்றப்பட்டது. 2011இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. கொள்ளுப் பாட்டி அச்சட்டத்தின் பிடிக்குள் வருவாரா என்பதை வழக்கறிஞர்கள் ஆராயட்டும். சட்டத்துக்கு முன்னதாக மனச்சான்று என்று ஒன்று உண்டன்றோ?

மேலும், பொய்யைவிட மெய் சுவையானது என்பதற்கு இந்நாட்டு உணவே சான்று. பினாங்கின் நாசி கண்டார் எங்கே பிறந்தது? தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் காவடித்தண்டு ஏந்தி, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களுக்கு நடந்து நடந்து விற்றதில் பிறந்தது. 'கண்டார்' என்னும் சொல்லே அந்தத் தண்டில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். தோளில் சுமந்த வரலாற்றைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் அவ்வுணவு, அதனால் மதிப்பிழந்துவிட்டதா?

சிங்கப்பூரின் மீன்தலைக் கறியை எடுத்துக்கொள்வோம். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அதைச் சமைத்துப் புகழ்பெறச் செய்தார். மீன்தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளரை மனத்திற்கொண்டு, தென்னிந்திய மசாலையில் அதைச் சமைத்தார். அது பண்டைய மரபன்று. அண்டை அயலாரின் நாவை அறிந்த ஒரு கடைக்காரரின் கூர்மதி. 'பழைமை' என்னும் போர்வை இல்லாமலேயே அது நின்று நிலைத்துவிட்டது. அச்சிங்கப்பூரிலேயே 1971 தொடங்கி 1986 வரை தெருவோர வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். அந்த அங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ மாந்தரின் மரபுச் செல்வமாக ஏற்றது. மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாடு 2024இல் அவ்வேற்பைப் பெற்றது. ரொட்டிச் சானாயும் தே தாரிக்கும் அதில் அடங்கும். உலகம் போற்றியது மாளிகை அடுக்களையை அன்று. பல இனத்தார் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட எளிய கடைகளை.

இனி என் மாணவியிடம் வருகிறேன். தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, "உண்மையில் இத்தொழில் எப்படித் தொடங்கியது, அதைச் சொல் அம்மா" என்றேன். முதலில் தயங்கினாள். பிறகு இரண்டு மணி நேரம் பேசினாள். 1994இல் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. தந்தைக்கு வேலை போயிற்று. தாயார் முறுக்குச் சுடத் தொடங்கினார். அடுத்த தெருச் சீனர் மளிகைக் கடையில் மாவும் எண்ணெயும் கடன். கணக்கு '555' குறிப்பேட்டில். முதல் ஈடு முறுக்கு எண்ணெய் குடித்துப் போயிற்று. மாவில் நீர் மிகுந்துவிட்டது. அன்றிரவு தாயார் அழுததை அவள் எட்டு வயதில் பார்த்திருக்கிறாள். முதற்பெரிய ஆணை கொடுத்தவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாது; நோன்புப் பெருநாளுக்கு இருபது புட்டிகள். அந்தப் பணத்தில்தான் அவ்வாண்டுப் பள்ளிச் சீருடை வாங்கினார்கள்.

"இவ்வளவும் இருக்க, ஏன் அம்மா அந்த மாளிகை?" என்று கேட்டேன். அவள் தலை குனிந்தாள். "கடன், தோட்டம், அழுகை என்று எழுதினால் இழிவாக இருக்காதா, ஐயா?" என்றாள்.

அன்பர்களே, என்னைச் சுட்ட சொல் அதுதான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். உழைப்பைச் சொல்ல நாணுகின்ற ஒரு தலைமுறையை யார் உருவாக்கினார்கள்? சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காத காலத்தில் மரவள்ளிக் கிழங்கைப் பலவிதமாகச் சமைத்துக் குடும்பத்தின் உயிர் காத்தவர்கள் நம் பாட்டிமார்கள். காலையில் மரம் வெட்டி, மாலையில் அம்மியில் மசாலை அரைத்து, மலாய் அண்டைவீட்டாரிடம் செரையும் பாண்டான் இலையும் சேர்க்கக் கற்று, இம்மண்ணுக்கே உரிய ஒரு கறியை ஆக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. தோட்டங்கள் போயின, லயங்கள் இடிக்கப்பட்டன, அவர்களை நினைவுகூரும் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பட்டுச்சேலை உடுத்தி வேறொரு பாட்டியாக்கிவிட்டால், அவர்கள் வாழ்ந்ததற்கு என்ன சான்று எஞ்சும்? பொய்ப்பாட்டி ஒருவர் வந்து அமரும் இருக்கையிலிருந்து மெய்ப்பாட்டி ஒருவர் எழுப்பி அனுப்பப்படுகிறார்.

ஆகவே, 'எங்கள் கதை' எழுதக் கேட்டு வருவோர்க்கு ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் செய்யத்தக்க உதவி ஒன்று உண்டு. ஆங்கிலத் தாளை மொழிபெயர்க்க மறுத்துவிடுங்கள். கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு? எந்த ஊர்? யார் தொடங்கினார்? எதற்காகத் தொடங்கினார்? முதற்பணம் எங்கிருந்து வந்தது? எது தவறிப்போயிற்று? யார் கைகொடுத்தார்? அன்று செய்ததில் இன்று எது மாறியிருக்கிறது? பக்குவம் இணையத்தில் கற்றதாயின் அப்படியே சொல்லட்டும். தொழில் தொடங்கி ஈராண்டே ஆயிற்றெனில் அதையும் சொல்லட்டும். புதுமை குற்றம் அன்று. பாட்டியே இல்லாத கதையும் நல்ல கதைதான். மூத்தோர் உயிரோடு இருக்கையில் அவர்களிடம் கேட்டு, ஆண்டையும் ஊரையும் ஒத்துப் பார்த்து, தமிழில் முதலில் எழுதுங்கள். வேண்டுவோர் பின்னர் ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்ளட்டும். தாயிடம் தமிழில் கேட்ட கதைக்கு வேற்றுமொழியிலிருந்து தமிழ் இரவல் எதற்கு?

வகுப்பறையிலும் ஒரு மாற்றம் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் 'நான் ஒரு காலணி'யை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். மாணவர்களை ஓர் ஒட்டுக்கடைக்கு அனுப்பி, அதை நடத்துபவரின் கதையைக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். அழகிய தொடர்கள் குறைவாக இருக்கலாம். பெயர்களும் ஆண்டுகளும் வியர்வையும் அதில் இருக்கும்.

என் மாணவியின் இணையத்தளத்தில் இப்பொழுது ஒன்பது வரிகளே உள்ளன. தோட்டம் விற்கப்பட்ட ஆண்டு இருக்கிறது. எண்ணெய் குடித்த முதல் ஈடும், சீனக் கடைக்காரரின் கடனும், மலாய் அண்டைவீட்டாரின் இருபது புட்டிகளும் இருக்கின்றன. கடைசி வரியை அவளே எழுதினாள்: "என் அம்மா இன்றும் மாவைத் தொட்டுப் பார்த்த பின்னரே நாங்கள் அடுப்பைப் பற்றவைக்கிறோம்."

அத்தாயார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்டு முடித்து, "என்னைப் பற்றியா எழுதியிருக்கிறது?" என்றாராம்.