ரொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை தேவையில்லை

வீட்டில் ரொட்டி சுடுவது விடுமுறை நாள் வேலை என்ற நம்பிக்கை, ஓவன் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை இரவுக்கு தோசை, சப்பாத்தி, அவசரமென்றால் உப்புமா. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்கும் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படும். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நிற்காமல், சமைப்பவருக்கு வாரத்தில் மிஞ்சும் ஒரே ஓய்வு நாளையும் அது பறித்துக்கொள்கிறது. அந்தச் சமைப்பவர் பெரும்பாலும் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பண்டம் ஆவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தையும், அதற்காக ஒருவர் நின்று உழைக்கும் நேரத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் இதன் வேர். செய்முறையின் தலைப்பில் 'மொத்தம் 20 மணி நேரம்' என்று இருந்தால், வேலைக்குப் போய்வருபவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அந்த 20 மணி நேரத்தில் மாவில் கை படுவது அரை மணிகூட இருக்காது. இதே வீட்டில் மதியம் அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன, சாயங்காலம் அரைபடுகின்றன, இரவெல்லாம் மாவு புளிக்கிறது, காலையில் இட்லி வேகிறது. இட்லிக்கு 18 மணி நேரம் ஆகும் என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. காத்திருக்கும் நேரத்தை அங்கே எவரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரொட்டிக்கு மட்டும் கணக்கு மாறுவதற்கு நியாயமே கிடையாது.

நன்றாகப் பிசைந்தால்தான் ரொட்டி எழும்பும் என்ற எண்ணமும் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கிறது. 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மார்க் பிட்மேன் எழுதிய பத்தி அதை வெளிப்படையாக உடைத்தது. மன்ஹாட்டனில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியை நடத்திய ஜிம் லேஹியின் முறை அது. மாவு, உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட், தாராளமாகத் தண்ணீர் ஆகியவற்றைக் கலக்கி, பிசையாமல் 12 முதல் 18 மணி நேரம் மூடி வைத்து, பிறகு சூடேறிய கனமான மூடிப் பாத்திரத்தில் இட்டுச் சுடுவது. பாத்திரத்துக்குள் அடைபடும் நீராவி மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் காக்கிறது. அடுத்த ஆண்டே ஜெஃப் ஹெர்ட்ஸ்பெர்க்கும் ஸோயி ஃபிரான்சுவாவும், ஒரு தடவை கலக்கிய மாவை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரம் வரை வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துச் சுடும் முறையைப் புத்தகமாகவே எழுதினார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கோதுமை மாவில் குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து, காற்றைப் பிடித்துவைக்கும் குளூட்டன் வலையாகின்றன. பிசைவது இந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மாவு தளர்வாக இருந்து, நேரமும் கிடைத்தால் வலை தானாகவே பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடும் வாயுக் குமிழிகள் பெருகும்போது அதை இழுத்தும் கொடுக்கும். இதற்கிடையில் மாவிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அமிலங்களை உண்டாக்குகின்றன. மேல்தோலின் பொன்னிறமும் ரொட்டியின் மணமும் இங்கிருந்துதான் வருகின்றன. ஒன்றரை மணி நேரத்தில் அவசரமாகப் பொங்கவைத்த மாவில், எவ்வளவு பிசைந்தாலும் இந்தச் சுவை கிடைக்காது.

ஆக, நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டியவர் யார்? தொழிற்சாலைக்காரர். 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் உருவான முறை, அதிவேக இயந்திரங்களால் மாவை அடித்துப் பிசைந்து, மணிக்கணக்கான புளிப்பைப் பெருமளவு சுருக்கியது. இடமும் கூலியும் கணக்குப் பார்க்கும் ஆலைக்கு அது பொருந்தும். வீட்டுக்கு அந்தக் கணக்கே வேறு. எல்லோரும் தூங்கும் இரவும், அலுவலகத்தில் கழியும் பகலும் மாவுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் பஞ்சம் கைக்கும் கவனத்துக்கும்தான். அந்தக் கையை அரை மணி நேரம் பிசையவைத்து, இருக்கும் நேரத்தை வீணாக விடுவது தலைகீழான சிக்கனம்.

தொலைக்காட்சிப் போட்டிகளுக்கும் இதில் பங்குண்டு. 2010இல் பிரிட்டனில் தொடங்கிய 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' போன்ற நிகழ்ச்சிகளில் கடிகாரம் ஓட ஓட, போட்டியாளர்கள் மாவை வெதுவெதுப்பான இழுப்பறையில் வைத்துப் பொங்கவைக்கிறார்கள், பதறுகிறார்கள். நிகழ்ச்சிக்கு அந்தப் பதற்றம் தேவை. பார்ப்பவர் மனதிலோ, ரொட்டி என்றால் பாதி நாள் பக்கத்திலேயே நின்று தவிப்பது என்ற படம் பதிந்துவிடுகிறது.

வார நாளில் இது நடக்கும் விதம் எளிது. திங்கள் இரவு பாத்திரம் கழுவி முடித்த கையோடு 500 கிராம் மைதா, 350 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆகியவற்றை ஒரு கரண்டியால் உலர்மாவு தெரியாத அளவுக்குக் கலக்கினால் போதும். படுக்கப் போகும் முன் ஈரக் கையால் நான்கு பக்கமும் இழுத்து மடித்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். செவ்வாய் மாலை ஆறரைக்கு வீடு திரும்பியதும் பாதி மாவை எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி விட்டுவிட வேண்டும். துணி மாற்றி, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, பருப்பையோ முட்டைக் குழம்பையோ அடுப்பில் ஏற்றுவதற்குள் மாவு தளர்ந்து, தட்டு முழுக்கப் பரவி, மேலே குமிழி விட்டிருக்கும். விரல்களால் குழி குழியாக அழுத்தி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் நல்லெண்ணெய் போட்டு 220 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டால் எட்டரை மணிச் சாப்பாட்டுக்குச் சூடான ரொட்டி தயார். மீதிப் பாதி வியாழக்கிழமைக்கு. அன்று அது செவ்வாயன்று இருந்ததைவிட மணமாக இருக்கும். நான்கு பேருக்குச் சப்பாத்தி தேய்த்துச் சுட நிற்கும் நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. லேஹியின் 18 மணி நேரம் 21 டிகிரி வெப்பமுள்ள அறைக்கானது. சென்னையிலோ மதுரையிலோ மாவை அவ்வளவு நேரம் வெளியில் விட்டால் பொங்கி வழிந்து, வலை தளர்ந்து, புளித்துப்போகும். நம் ஊரில் இந்த முறைக்கு ஃபிரிட்ஜ் கட்டாயம். ஆட்டா சேர்ப்பவர் தண்ணீரையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரிய வேலைகள் என்று பெயரெடுத்தவையும் இப்படித்தான். வெண்ணெயும் முட்டையும் நிறைந்த பிரியோஷ் மாவு கையில் ஒட்டிக்கொண்டு படுத்தும். ஓர் இரவு குளிர்ந்து வெண்ணெய் இறுகிய பிறகுதான் உருட்டவே வரும். குரோசானில் வெண்ணெயை மாவுக்குள் வைத்து, மூன்றாக மடிக்கும் மடிப்பை மூன்று தடவை போடுகிறார்கள். வெண்ணெய் 27 அடுக்காகிறது. ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் மாவு குளிர வேண்டும். அந்த ஓய்வு அரை மணி நேரம் நீண்டாலும் ஒரு நாள் நீண்டாலும், ஃபிரிட்ஜில் இருக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கும் வேலை, நான்கு மாலைகளில் கால் கால் மணி நேரமாகப் பிரிந்துவிடுகிறது. வெண்ணெய் ஏறக்குறைய 32 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால், கோடைப் பகலைவிட இரவுதான் இதற்கு ஏற்ற வேளையும்கூட.

உண்மையிலேயே காத்திருக்காத பண்டங்களும் இருக்கின்றன. முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்ச் கேக்கை 'ஒரு மணி நேர வேலை' என்று வார நாளில் தயக்கமின்றித் தொடங்குகிறார்கள். அந்த நுரை அடங்குவதற்குள் மாவைக் கலந்து ஓவனுக்குள் வைத்தாக வேண்டும். நடுவில் அழைப்பு மணி அடித்தாலோ குழந்தை அழுதாலோ கேக் தட்டையாகிவிடும். களைத்து வீடு திரும்பிய மாலைக்குப் பொருந்தாதது அதுதான். ரொட்டி மாவை அப்படியே விட்டுவிட்டுப் போய், நாளைக்குக்கூட வந்து எடுக்கலாம்.