‘நல்ல தரம்’ என்றால் எத்தனை சதவீதம்?

வங்கியில் இருந்த காலத்தில், கடன் பத்திரத்தில் ஒரு வரி தெளிவில்லாமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான்தான், மூன்று வருடம் முன்பு கருப்புக்கவுனி நெல்லுக்குப் போட்ட ஒப்பந்தத்தில், ‘நன்கு காய்ந்த, நல்ல தரமான நெல்’ என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஈரப்பதம் எவ்வளவு, யார் அளப்பது, எங்கே அளப்பது, ஒன்றும் அதில் இல்லை.

லாரி வந்தது. அவர்கள் கொண்டுவந்த கருவி 17 என்று காட்டியது. “14 இருந்தாத்தான் சார் நல்லாக் காய்ஞ்ச நெல்லு. 75 கிலோ மூட்டைக்கு ஏழு கிலோ கழிச்சுக்கறோம்” என்றார்கள். கட்டிய மூட்டையை அவிழ்த்து மறுபடி களத்தில் கொட்ட ஆள் இல்லை. ஏற்றிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 17 சதவீத ஈரமுள்ள 75 கிலோ நெல்லில் ஈரம் போக இருப்பது 62.25 கிலோ. அதையே 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 72.4 கிலோ நிற்கும். நியாயமான கழிவு 2.6 கிலோ. மீதி நாலு கிலோவுக்கு மேல் எதற்குப் போனது? பத்திரத்தில் எண் இல்லாததற்குப் போனது!

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் மேல் நமக்கு ஆயிரம் வருத்தம் உண்டு. ஆனாலும் அங்கே ஈரப்பதம் 17 சதவீதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண் இருப்பதால்தான் மழைக்காலத்தில் ‘தளர்த்து’ என்று கேட்க முடிகிறது. பல வருடம் தளர்த்தியும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலை. கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் தனி விலை கிடையாது. அதனால் நாம் தனியாரிடம்தான் போகிறோம், எண் இல்லாத பத்திரத்தோடு.

“அங்ககச் சான்று இருக்கே, போதாதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதாதுங்க. எப்படி விளைவித்தோம் என்பதற்குத்தான் அந்தச் சான்று. ஈரம், பதர், கலப்பு பற்றி அது பேசாது.

இனி கையெழுத்துப் போடுமுன் இவ்வளவாவது எழுதி வாங்குங்கள்: ஈரப்பதம், பதர், பிற ரகக் கலப்பு மூன்றுக்கும் உச்ச அளவு, அளப்பது நம் களத்தில், இருவர் முன்னிலையில், ஒரு சதவீதம் கூடினால் எத்தனை கிலோ கழிவு, மாதிரி மூன்று பொட்டலம் கட்டி, முத்திரை வைத்து, ஒன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு, ஒன்று பொது ஆளிடம், சரக்கு ஏறியபின் எத்தனை நாளுக்குள் குறை சொல்லலாம்.

நாமும் யோக்கியமாக இருக்கணும். தூற்றாத நெல்லை மூட்டை கட்டிவிட்டு ‘இயற்கை’ என்று சொல்வது சரியில்லை. எண் எழுதினால் அது நம்மையும் கட்டும், கட்டட்டும்.

“நம்ம ஆளுங்கதானே, நம்பிக்கை போதும்” என்பார்கள். எனக்குக் கழிவு போட்டவரும் நம்ம ஆள்தான். போன வருடம் அவரிடமே எண் போட்டு எழுதிக் கேட்டேன். ஒரு வாரம் யோசித்தார், கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை மூட்டைக்கு ஒரு கிலோகூடக் கழிவு இல்லை. நெல்லை நான் இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்திருந்தேன்.