மாண்ட்கோமெரித் தெருவில் ஒரு மேசை



சென்ற மாதம் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். மீன் விற்றுப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் கோயில் வாசலில் காத்திருந்தார். ஐஸ் பெட்டியும் தள்ளுவண்டியும் வாங்க வங்கியில் கடன் கேட்க வேண்டுமாம். "நீங்களும் கூட வாங்க சாமி. அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ள எனக்குக் கை வர மாட்டேங்குது" என்றார். மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு, முன்னர் நான் படித்திருந்த ஒரு வங்கிக் கட்டடத்தின் வரலாறு நினைவில் எழுந்தது. அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வணிகர்களின் வீதியாகிய மாண்ட்கோமெரித் தெருவில் அது நிற்கின்றது. 1908ஆம் ஆண்டில் 'இத்தாலிய வங்கி' தனக்கென எழுப்பிய எட்டு மாடி மாளிகை அது.

அவ்வங்கியை நிறுவிய அமடியோ பீட்டர் ஜியானினி, இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் 1870இல் பிறந்தவர். அவர் சிறுவனாயிருந்தபோதே, ஒரு டாலர் பற்றிய தகராறில் தந்தையைக் கூலியாள் ஒருவன் சுட்டுக் கொன்றான். தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றுத் தந்தையின் காய்கனி மண்டியில் விடியுமுன் எழுந்து வேலை பழகினார் மகன். பிற்காலத்தில் ஒரு சிறிய வங்கியின் இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தபோது, ஏழைக் குடியேறிகளுக்குச் சிறு கடன் வழங்க வேண்டுமென வாதாடினார். மற்றவர்கள் இணங்கவில்லை. வெளியேறித் தாமே ஒரு வங்கியைத் தொடங்கினார். 1904 அக்டோபர் 17ஆம் நாள் அது திறக்கப்பட்ட இடம், அதற்குமுன் மதுக்கடையாக இருந்தது! முதல் நாள் சேர்ந்த வைப்புத் தொகை 8,780 டாலர். மொழி அறியாத இத்தாலியர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசி, மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்த காசை வங்கிக்குக் கொண்டுவரச் செய்தனர்.

1906 ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சியைவிட அதனைத் தொடர்ந்த தீயே நகரை அதிகம் அழித்தது. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் வீழ்ந்தன; நகர மக்களில் பாதிப் பேருக்கு வீடில்லை. நகருக்கு வெளியே குடியிருந்த ஜியானினி, ரயில்கள் சரிவர ஓடாமையால் ஏறக்குறைய 17 மைல் தொலைவைப் பெரும்பாலும் நடந்தே கடந்து நண்பகலில் வங்கியை அடைந்தார். தீ நெருங்கிக்கொண்டிருந்தது. இருப்பிலிருந்த சுமார் 80,000 டாலர் பொன்னையும் வெள்ளியையும் மண்டியின் குதிரை வண்டிகளில் ஏற்றி, கள்வர் கண்ணில் படாதிருக்க மேலே ஆரஞ்சுப் பழப் பெட்டிகளை அடுக்கி, இரவோடிரவாகத் தம் இல்லம் கொண்டு சேர்த்தார். அந்தப் பணத்தில் வாரக்கணக்கில் ஆரஞ்சு மணம் வீசியதாம். வங்கி எரிந்து சாம்பலாயிற்று.

பெரிய வங்கிகளின் இரும்புப் பெட்டகங்கள் நெருப்பில் பழுக்கக் காய்ந்திருந்தன. உடனே திறந்தால் உள்ளிருக்கும் தாள்கள் பற்றியெரியும் என்று அவை ஆறும்வரை காத்திருந்தனர். ஜியானினியோ துறைமுக மேடையில் இரு பீப்பாய்களின்மேல் ஒரு பலகையை இட்டு, அதையே வங்கியாக்கினார். பத்திரமும் பிணையமும் எரிந்துபோன மக்களிடம் எதைக் கேட்பது? உழைத்துக் காய்த்த கைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கடன் கொடுத்தார். கேட்ட தொகையில் பாதியைத் தந்து, மீதியை நீங்களே திரட்டுங்கள் என்பாராம். இவ்வாறு நம்பிக் கொடுத்த கடன் யாவும் திரும்பி வந்ததாகச் சொல்லப்படுகிறது.

இவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. வட்டி வாங்கியவர்தாம், வணிகப் போட்டியில் விட்டுக்கொடுக்காதவர். ஆயினும், 1462இல் பெருஜா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் ஏழைகளைக் கந்துவட்டியினின்று காக்க அடகு நிலையம் கண்ட இத்தாலிய மண்ணின் வழிவந்தவர் அல்லரோ?

சாம்பலிலிருந்து எழுந்த மாண்ட்கோமெரித் தெருக் கட்டடத்தில் என்னைக் கவர்ந்தது அதன் உயரமன்று. தலைவர் மாடியில், கதவுக்குப் பின்னால், எழுத்தர் வாயிற்காக்க அமர்வதே வங்கிகளின் வழக்கம். இங்கோ அலுவலர்களின் மேசைகள் தரைத்தளத்தின் திறந்த மண்டபத்திலேயே போடப்பட்டன. ஜியானினியின் மேசையும் அங்கேதான் இருந்தது. பழக்காரனும் மீனவனும் நேரே சென்று அவரிடம் பேசலாம்.

1921இல் தலைமையகம் வேறொரு பெரிய கட்டடத்திற்கு மாறியது. 1930இல் வங்கியின் பெயரும் 'பாங்க் ஆஃப் அமெரிக்கா' என்றாயிற்று. உலகின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றாக அதனை வளர்த்த ஜியானினி 1949இல் இறந்தபோது, அவர் விட்டுச் சென்ற சொத்து ஐந்து இலட்சம் டாலருக்கும் குறைவு. பெரும் செல்வம் சேர்ப்பவனைச் செல்வமே ஆட்டிப்படைக்கும் என அவர் அஞ்சினார். பழைய கட்டடம் 1978இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் அவ்வங்கி மற்றொரு வங்கியுடன் இணைந்தபின் அதன் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவிலேயே இல்லாது போயிற்று.

மறுநாள் அந்தத் தாயுடன் நம் ஊர் வங்கிக்குச் சென்றேன். என் வெள்ளை அங்கியைக் கண்டதும் எனக்கு நாற்காலி போட்டார்கள், அவருக்குப் போடவில்லை. நானும் நின்றுகொண்டேன். அரை மணி நேரத்துக்குப்பின் அலுவலர் அழைத்து, மரியாதையாகவே பேசினார். பிணைக் கையெழுத்திட இருவர் வேண்டும் என்றார். ஆயரைக் கலந்துகொள்ளாமல் குருக்கள் பிணை நிற்கலாகாது என்பது திருச்சபைச் சட்டம். ஆதலால் ஆயரவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னொருவரைப் பங்கில் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்று வீடுகளில் கேட்டாயிற்று. அந்தத் தாய் கடன் வாங்கித் திருப்பாதவர் என்று அவர்களுள் எவரும் சொல்லவில்லை; "யோசித்துச் சொல்கிறோம் சாமி" என்றார்கள்.