பூனைக்குத் தயிர் சாதம்

காக்கைக்கு ஒரு பிடி, நாய்க்கு ஒரு கவளம், பூனைக்கு ஒரு கரண்டிப் பால் என்று ஒதுக்கி வைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் நாம் இடுகிற உணவு அந்தப் பிராணிக்கு ஏற்றதுதானா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை. அதற்கு என் வீட்டுப் பூனை கொடுத்த விலையைச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் முன்பு குடியிருந்தது ஓட்டு வீடு. பரண் நிறைய நெல் மூட்டைகள். மூட்டைகளுக்கு இடையே எலிகள். அங்கே வளர்ந்த பூனை வேளை தவறாமல் தயிர் சாதம் உண்டு பதினான்கு வருஷம் வாழ்ந்தது. ஆகவே தயிர் சாதமே பூனைக்கு அமிர்தம் என்று வீட்டார் அனைவரும் தீர்மானித்துவிட்டோம். பின்னர் மாடி வீட்டுக்கு மாறினோம். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. எலிக்கு இடமே இல்லை. அடுத்து வந்த பூனைக்குட்டி வெளியே காலெடுத்து வைக்காமல் பாலும் தயிர் சாதமுமாய் வளர்ந்தது.

மூன்றாம் வருஷம் அது கதவு நிலையில் முட்டிக்கொள்ளத் தொடங்கியது. குழந்தைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நண்பகல் வெளிச்சத்திலும் அதன் கண்மணிகள் அகல விரிந்தே இருப்பதைப் பார்த்த பிறகுதான் கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள், சார்?" என்று கேட்டார் அவர்.

"தயிர் சாதந்தான். ஒரு நாளும் குறை வைத்ததில்லை."

"அதுதான் குறை" என்றார். விழித்திரை கெட்டுவிட்டது, இழந்த பார்வை திரும்பாது, இனி இருதயத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

டாரீன் என்று ஒரு சத்து உண்டு. மாமிசத்திலும் மீனிலும் அது இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. பசும்பாலில் மிகச் சொற்பம். மனிதனுடைய உடலும் பெரும்பாலான நாய்களின் உடலும் அதைத் தாமே உண்டாக்கிக் கொள்ளும். பூனைக்கு அந்தச் சக்தி போதாது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தையே முக்கியமாகக் கொண்ட உணவைத் தின்ற பூனைகளின் விழித்திரை அழிவதற்கு டாரீன் குறைவே காரணம் என்று கண்டார்கள். 1987-இல் கலிபோர்னியாவில் மற்றோர் உண்மை வெளியாயிற்று. கடையில் விற்ற தயார் ஆகாரத்தை உண்ட பூனைகள் பலவற்றுக்கு இருதயத் தசை தளர்ந்ததும் இதே குறையினால்தான். டாரீனைக் கொடுத்ததும் பல பூனைகளின் இருதயம் தேறியது. அதன்பின் அத்தகைய ஆகாரங்களில் அதை அதிகமாகச் சேர்க்கலானார்கள்.

அப்படியானால் எங்கள் பழைய பூனையைக் காப்பாற்றியது எது? தயிர் சாதமன்று, பரணிலிருந்த எலிகள். புண்ணியத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம், உழைத்தது எலி!

நாயின் கதை வேறு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் என் பழைய மாணவன் ஒருவனுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்து நாய் சாமைச் சோற்றையும் கேழ்வரகுக் களியையும் தின்றுவிட்டு, ரோமம் பளபளக்கக் காவல் இருந்தது. இதற்கும் காரணம் உண்டு. மாவுச் சத்தை ஜீரணிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளே. நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை என்று 2013-இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சி ஒன்று காட்டியது. மனிதனை அண்டி இரண்டு பிராணிகளும் வந்தன. நாய் நம் சோற்றை உண்ணப் பழகிக்கொண்டது. பூனையோ நம் சோற்றைத் தின்னும் எலியைத் தின்னவே வந்தது.

அதற்காக நாய்க்கு வெறும் சோறு போதும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், லண்டனில் எட்வர்டு மெல்லன்பி என்னும் வைத்தியர் நாய்க்குட்டிகளை ஓட்ஸ் கஞ்சி போன்ற ஆகாரங்களிலேயே வளர்த்துப் பார்த்தார். எலும்பு மெலிந்து கால்கள் வளைந்தன. மீன் எண்ணெய் கொடுக்கவே அவை தேறின. குழந்தைகளின் கணை நோய்க்கு வழி கண்டதும் இந்த நாய்க்குட்டிகளால்தான். நம் உடல் வெயிலில் உண்டாக்கும் டி வைட்டமினை நாயும் பூனையும் போதிய அளவு உண்டாக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஏறக்குறைய பத்துதான். ஆகவே களி வெள்ளைச் சோற்றைவிட மேல். அதனுடன் வேக வைத்த முட்டையோ மாமிசமோ சேரட்டும்.

பூனைக்கு மீனும் கோழியுமே பிரதானம். வேக வைத்த நீரில் டாரீன் இறங்கிவிடுவதால் அந்த நீரையும் சேர்த்தே வையுங்கள். எலும்பில்லாத மாமிசத்தை மட்டும் கொடுத்தாலும் சுண்ணாம்புச் சத்தின்றிக் குட்டியின் எலும்புகள் முறியும். ஈரல் நல்லதுதான், நாள்தோறும் கொடுத்தால் ஏ வைட்டமின் மிகுந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும். ஆகவே என்ன, எவ்வளவு என்பதைக் கால்நடை வைத்தியரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாம்பார் சோறு இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும். பாயசத்துத் திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு எமன். சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும்.

மாமிசம் புழங்காத வீட்டில் என்ன செய்வது? எங்கள் வீடும் அப்படிப்பட்டதே. டாரீனை இன்று தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். ஆனால் அது சேர்ந்த தயார் ஆகாரத்திலும் பெரும்பாலும் மாமிசமோ மீனோ உண்டு. அதையும் வீட்டில் வைக்க மனம் ஒப்பாதவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே தர்மம். நம் விரதத்தை நாம் இருக்கலாம். பூனையை இருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

இப்போது எங்கள் மாடியின் பின்கட்டில் தனி அடுப்பில் மத்தி மீன் வேகிறது. முதலில் முகம் சுளித்த என் தாயாரே இன்று தட்டைக் கொண்டு போய் வைக்கிறார். தட்டுச் சத்தம் கேட்டதும் பூனை சுவரோரமாக உரசிக்கொண்டு வருகிறது. அதற்குப் பசி தீர்கிறது. தட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிவதில்லை.