நாணயத்தின் நாணயம்

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பழைய ஜெர்மானிய அரசுகளின் வெள்ளிக்காசுகளைத் தொகுப்போர், இவ்விரு பொருளையும் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

1871இல் ஜெர்மனி ஒரே பேரரசாக ஒன்றிணைந்தது. அதற்குமுன் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி முதலிய பல அரசுகள் தத்தம் காசுகளை வெளியிட்டன. வடக்கே தாலரும் தெற்கே குல்டனும் வழங்கின. அக்காசுகள் எக்காலத்தும் நேர்மையாக இருந்தன என்று கூற இயலாது. முப்பதாண்டுப் போர் தொடங்கிய காலத்தில், 1619 முதல் 1623 வரை, ஆட்சியாளர் பலர் சில்லறைக் காசுகளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பை மிகுத்தனர். விலைவாசி உயர்ந்தது. அக்காசுகளைக் கூலியாகப் பெற்ற எளியோர் பெருந்துயருற்றனர்.

1857இல் வியன்னாவில் ஏற்பட்ட உடன்படிக்கை இதற்கு நேர்மாறானது. அதன்படி வெளிவந்த ஒன்றியத் தாலர்கள் முப்பதில் ஒரு பவுண்டு, அதாவது 500 கிராம், தூய வெள்ளி இருத்தல் வேண்டும். அக்கணக்கு காசின் மீதே பொறிக்கப்பட்டது. எழுத்தறிந்த எவரும் அரசின் வாக்குறுதியைக் கையிலேந்திப் படிக்க முடிந்தது.

பேரரசு அமைந்தபின் மார்க் என்னும் புதிய பணம் வந்தது. பழைய காசுகள் பெருமளவில் உருக்கப்பட்டன. எஞ்சியவற்றையும் வெள்ளியின் எடைக்கு விற்பதே அறிவுடைமை என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு 1835இல் ஓடிய முதல் நீராவித் தொடர்வண்டியைப் பவேரியா ஒரு தாலரில் பதிவு செய்தது. அதனை உருக்கினால் வெள்ளி கிடைக்கும்; அந்தப் பதிவு அழிந்துபோகும்.

விற்காமல் காப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. காலப்போக்கில் வெள்ளியின் மீது படியும் கருமையை அழுக்கெனக் கருதித் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் பலர். தேய்க்குந்தோறும் எழுத்தின் விளிம்பும் உருவத்தின் நுண்கோடுகளும் மழுங்குகின்றன. இழந்த கோட்டை எவராலும் மீட்க இயலாது. போலியை உண்மைக்காசெனக் காட்டுவதோ, செம்பு கலந்த பழைய ஆட்சியாளரின் செயலுக்கு ஒப்பானது.

ஆகவே, காசைக் கிடைத்த நிலையிலேயே காத்தலும், கிடைத்த இடத்தையும் முறையையும் குறித்துவைத்தலும் தொகுப்போரின் முதற்கடமைகள். எத்தனை காசுகள் சேர்ந்தன என்பதைவிட, அவை எத்துணை உண்மையாகக் காக்கப்பட்டன என்பதே அத்தொகுப்பின் மதிப்பாகும். காசைச் சேர்ப்பவரிடம் நாணயம் இருந்தாலன்றி, அவர் சேர்த்த நாணயங்கள் வரலாற்றுக்குச் சான்றாக நில்லா.