சுவரும் மேடையும்

கலைக் கல்லூரியில் மகளைச் சேர்க்கப் போகும் தாய்மார்கள் என்னென்ன விசாரிக்கிறார்கள்? விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் கேட்கிறார்கள். "இங்கே பாட மேடை இருக்கிறதா? படம் மாட்டச் சுவர் இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் அபூர்வம். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் முன்னோர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. விருத்தாசலத்துக்கு அருகே உள்ள பெண்ணாடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பிரளயகாலேசுவரர் கோயில் விமானம், படுத்துறங்கும் யானையின் முதுகு போலவே இருக்கும். தேவாரத்தில் அந்தத் தலத்துக்குப் பெயரே தூங்கானைமாடம்! சிற்பியின் கைவேலையை ஊரே பார்த்தது. நாயனக்காரரின் வாசிப்பை ஊரே கேட்டது. காட்சிக்கூடமும் கோயில்தான், அரங்கமும் கோயில்தான்.

இன்று அந்தப் பொறுப்பில் பெரும் பங்கு கல்லூரிகளுக்கு வந்திருக்கிறது. பெண்ணாடத்து ரயில் பாதையிலேயே வடக்கே போனால் சென்னை எழும்பூர். அங்கே இறங்கினால் சற்றுத் தூரத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. ஓவியம், சிற்பத்தோடு, விருத்தாசலத்தில் தொழிலாகவே நடக்கும் பீங்கான் வேலையும் அங்கே ஒரு பாடம். அடையாற்றங்கரையில், 1949-ல் முசிரி சுப்பிரமணிய அய்யரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய இசைக் கல்லூரி இருக்கிறது. 2013-ல் இசைக்கும் கவின்கலைக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டு, இரண்டும் அதன் குடைக்கீழ் வந்தன.

"நல்ல ஆசிரியர் இருந்தால் போதாதா? சுவரும் மேடையும் எதற்கு?" என்பீர்கள். வகுப்பறையில் கணீரென்று பாடும் பெண், பெரிய மண்டபத்தில் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரொலி மிகுந்த கூடத்தில் ஒரு பிருகா அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு குரல் போதும் என்பதை மேடைதான் சொல்லிக் கொடுக்கும். படமும் அப்படியே. மேஜைமேல் கிடக்கும்போது தெரியாத குறை, கண் மட்டத்தில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால் பளிச்சென்று தெரிந்துவிடும். வெயில் நேரே விழும் சுவரானால் வர்ணம் வெளுக்கும். பீங்கான் ஜாடியையோ சுற்றி வந்து பார்க்க இடம் வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? 1957-ல் எழும்பூர்க் கல்லூரிக்கு முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். தம்மிடம் படித்து வெளியேறும் இளைஞர்கள் படங்களை விற்க வழியின்றி, தூரிகையையே கைவிட நேர்வதைக் கண்டார். அவர்கள் ஒன்று சேர்ந்து பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். வீடு, பட்டறையோடு காட்சிக்கூடமும் எழுந்தது. தங்களுக்கென்று ஒரு சுவர் வேண்டும் என்று துணி விற்றுச் சம்பாதித்தவர்கள் அவர்கள்!

ஆகவே, சகோதரிகளே, உங்கள் பெண்ணைச் சேர்க்கும்போது மறக்காமல் கேளுங்கள்: வருஷத்தில் எத்தனை முறை மேடை ஏறலாம்? அவள் செய்ததை எங்கே வைப்பீர்கள்? சூளையை மாணவிகளும் பற்ற வைக்கலாமா?

அத்துடன் நமக்கும் ஒரு கடமை உண்டு. சுவர் இருந்தும் பார்க்க ஆளில்லை, மேடை இருந்தும் கேட்க ஆளில்லை என்றால் என்ன பயன்? மாணவர் கண்காட்சி என்றோ, மாணவியர் கச்சேரி என்றோ கேள்விப்பட்டால், சினிமாவுக்குப் போகும் ஒரு மாலையை அதற்குக் கொடுங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். "இதை எப்படி அம்மா செய்தாய்?" என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்!